ஃபோர்மேன் அணைத்த சுவிட்ச்

ஃபோர்மேன் வீட்டு மகன் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனதில் நியாயம் யார் பக்கம் என்று, இந்தத் தொடரைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இன்னும் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி. தாராளமாகப் போடுங்கள். கப்பல் சரக்குக் கம்பெனி அவனைப் புதுக் கிளைக்கு மாற்றியது. ஆறு மாதம் இருந்து பார், பிடிக்கவில்லையென்றால் திரும்பி வந்துவிடு என்றது. அவன் மனைவியைக் கூடவே கிளம்பச் சொன்னான். "இப்பத்தான் எனக்குன்னு ஒரு வேலை கூடி வருது, ஆறு மாசம்தானே, நீங்க போயிட்டு வாங்க" என்றாள் அவள். பேச்சு முற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஃபோர்மேன் குறுக்கே புகுந்து, "போறவன் தனியாப் போடா!" என்று ஒரு சத்தம் போட்டார்.

அவனும் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. இவர்களும் கூப்பிடவில்லை. ரோஷத்தில் அந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

ஃபோர்மேன் என்பது அவனுடைய அப்பா. மில்லில் மின்சாரப் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் தெருவுக்கே அவர் ஃபோர்மேன்தான். மகனுடைய போனிலேயே அவர் பெயர் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது.

இந்த வாரம் நடந்த கூத்துக்கு அவருடைய வலது கை ஆட்காட்டி விரல்தான் காரணம்.

அன்று மாலை நாலு மணிக்கு மருமகளுக்கு ஒரு வீடியோ மீட்டிங். சமையலறை அலமாரிகள் செய்கிற கம்பெனிக்கு அவள் வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுக் கொடுக்கிறாள். தொட்டி எங்கே, அடுப்பு எங்கே, தட்டுகள் எந்த உயரம் என்று அளந்து கணினியில் வரைகிற வேலை. இதுவரை ஒன்று இரண்டு என்று உதிரியாகத்தான் வந்தது. இன்று கம்பெனித் தலைவி அம்மாவே அவள் வரைந்ததைப் பார்க்கப் போகிறார். பிடித்துவிட்டால் நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் அவ்வளவுதான், வரிசையில் இன்னும் ஆள் நிற்கிறது.

சக்கர நாற்காலியில் இருந்தபடியே சமைக்கிற ஒரு பெண்ணுக்கான சமையலறை அது. அதற்காக மருமகள் இரண்டு வாரம் உருளும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தன் வீட்டுச் சமையலறையில் சுற்றினாள். கை எட்டுகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அலைந்தது ஃபோர்மேன்தான். "இதுல நானும் பாதி இன்ஜினியர்" என்று எதிர்வீட்டுக்காரரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டார்.

காலையில் கணினியைத் திறந்ததும், புதிய பதிப்புக்கு மாறச் சொல்லி ஒரு கட்டம் குறுக்கே வந்து நின்றது. பல நாளாக அது வந்துகொண்டுதான் இருந்தது, அவளும் தள்ளிப்போட்டுக்கொண்டுதான் இருந்தாள். நாலு மணிக்கு மீட்டிங் நடுவில் வந்து மக்கர் பண்ணினால் என்ன செய்வது? இப்போதே முடித்துவிடலாம் என்று அழுத்திவிட்டாள். வரைபடத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அழுத்தியிருக்கலாம். முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாமெல்லாம் நினைப்பது போலத்தான்.

'சிறிது நேரம் ஆகும், கணினியை அணைக்காதீர்கள்' என்று திரையில் எழுத்து வந்தது. விழுக்காடு மெதுவாக ஏறியது. அவள் ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

அது ஃபோர்மேன் ரவுண்ட்ஸ் போகிற நேரம். மில்லை விட்டு வந்தாலும் ரவுண்ட்ஸை விடவில்லை. கேஸ் வால்வு, குழாய், குளியலறை விளக்கு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு முன்னறைக்கு வந்தார். மேஜையில் திரை கன்னங்கரேலென்று இருந்தது. கீழே கணினிப் பெட்டி மட்டும் உர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. நாற்காலியில் ஆள் இல்லை.

ஆள் இல்லாத இடத்தில் மெஷின் ஓடக் கூடாது. இது மில்லில் அவர் போட்ட சட்டம். அப்படி ஓடவிட்டுப் போன மெஷினில் ஒருவனுடைய கை மாட்டிக்கொண்டதை அவர் கண்ணால் பார்த்தவர். அன்றிலிருந்து அந்தச் சட்டத்தில் அவரிடம் யாருக்கும் சலுகை கிடையாது. பெண்டாட்டி உயிரோடு இருந்தபோது மிக்ஸியை ஓடவிட்டுத் திரும்பினால்கூட அணைத்துவிடுவார்.

நடுவில் கணினி தன்னைத்தானே அணைத்துக்கொண்டு மறுபடி எழுந்திருக்கும், அப்போது திரை கொஞ்ச நேரம் இருண்டு கிடக்கும் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? பாவம், வேலை டென்ஷனில் மறந்துவிட்டாள் என்று நினைத்தார். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ போடப் போனார்.

மருமகள் இறங்கி வந்து பார்த்தபோது கணினி மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது. சுவிட்சையும் பார்த்தாள். போட்டாள். கணினிக் கம்பெனியின் சின்னம் வந்தது, புள்ளிகள் வட்டமாகச் சுற்றின, இருட்டானது. மறுபடி சின்னம், மறுபடி புள்ளிகள், மறுபடி இருட்டு.

"மாமா, கரெண்ட் போச்சா?"

கேட்டவளுடைய முகம் வெளுத்திருந்தது. டீ கிளாஸோடு நின்ற ஃபோர்மேனுக்கு, செய்யக் கூடாததைச் செய்துவிட்டோம் என்று அந்த முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. உண்மை தொண்டை வரைக்கும் வந்தது.

"ஆமாம்மா. ஒரு நிமிஷம் போயிட்டு வந்துச்சு."

மில்லில் ஒரு நாளும் பொய்க் கணக்கு எழுதாத மனுஷன். எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை.

மதியம் வரைக்கும் அவள் போராடினாள். போனில் தேடித் தேடிப் படித்தாள். அழுத்திப் பிடி என்றது ஒன்று, அழுத்தி விடு என்றது இன்னொன்று. தானே சரி செய்துகொள்கிறேன் என்று கணினி சொன்னது, கொஞ்ச நேரம் யோசித்தது, முடியவில்லை என்று கைவிரித்தது. ஃபோர்மேன் டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். பிளக்கில் கரெண்ட் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. அதற்கு மேல் அவருக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. எத்தனையோ மோட்டாரைப் பிரித்து மாட்டிய கை, சட்டைப் பையில் டெஸ்டரைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தது.

"நாலு மணிக்குள்ள வந்துடும்ல?" என்று அவர் கேட்டார். அவள் போனில் அடுத்த பக்கத்தைத் தள்ளினாள்.

தாங்க முடியாமல் தெருமுனைக்குப் போய் 'டாக்டரை'க் கையோடு அழைத்து வந்தார். கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். எந்த மெஷினைக் கொண்டுபோனாலும் முதல் கேள்வியாக "எப்ப இருந்து இப்படி?" என்று கேட்பதால் தெரு வைத்த பெயர்.

"எப்ப இருந்து இப்படி?" என்றார் டாக்டர்.

"காலைல அப்கிரேட் ஓடிட்டிருந்தப்ப கரெண்ட் போயிடுச்சு" என்றாள் மருமகள்.

"கரெண்டா? நம்ம தெருவுலயா?" என்றார் டாக்டர். ஃபோர்மேன் ஜன்னல் கம்பியை ஆராய ஆரம்பித்தார். நல்லவேளை, டாக்டர் அதற்கு மேல் தோண்டவில்லை. தன் பென் டிரைவைச் சொருகினார், எதையெதையோ தட்டினார். திரை நீலமாகி ஒரு நீளமான கட்டம் வந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"டிஸ்க்ல பூட்டு விழுந்திருக்கு. சாவி நம்பர் கேக்குது."

"நாங்க யாரும் பூட்டு போடலையே!"

"நீங்க போட வேண்டாம்மா, அதுவே போட்டுக்கும். இதை வாங்கினப்ப முதல்ல யாரு பேர்ல கணக்குத் தொடங்கினீங்களோ, அந்தக் கணக்குல போய்ப் பாருங்க. ஆறாறு நம்பரா எட்டுக் கட்டம் இருக்கும். அதை அடிச்சா உள்ளே விடும். மிச்சத்தை அதுவே சரி பண்ணிக்கிட்டு பழைய மாதிரி வந்துடும்."

"நம்பர் இல்லேன்னா?"

"இல்லேன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடலாம். கம்ப்யூட்டர் நல்லா ஓடும். உள்ள இருந்தது எதுவும் இருக்காது." பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "யாரு பேர்ல இருக்கு கணக்கு?"

"என் பையன் பேர்ல" என்றார் ஃபோர்மேன்.

"அப்புறம் என்ன? ஒரு போன் போடுங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டு டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் மனிதருக்கு எல்லாமே அஞ்சு நிமிஷ வேலைதான்.



"நான் கேக்க மாட்டேன் மாமா" என்றாள் அவள். "வேலைக்காகத்தானே என்னைப் பகைச்சுக்கிட்டன்னு சொல்லிட்டுப் போனாரு. இப்ப அந்த வேலைக்காகவே அவருக்குப் போன் பண்ணினா, என்ன நினைப்பாரு? வேணும்னா இந்த வேலையே வேண்டாம்னு விட்டுடறேன்."

அவள் ஒரு பெரிய தாளை எடுத்துத் தரையில் விரித்தாள். ஸ்கேலும் பென்சிலுமாக ஞாபகத்திலிருந்து வரைய உட்கார்ந்தாள். தொட்டி வந்தது. அடுப்பு வந்தது. இழுத்தால் கீழே இறங்கி வருகிற அலமாரித் தட்டுக்கு எத்தனை அளவு, எத்தனை கோணம்! மூன்றாவது தடவை அழித்தபோது தாள் கிழிந்தது. கிழிந்த இடத்தை விரலால் ஒட்ட வைத்துப் பார்த்தாள். பிறகு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகைச் சத்தம் இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

யார் அழுதாலும் திட்டி எழுப்புகிற ஃபோர்மேன், அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மா, கரெண்ட் போகலம்மா" என்றார்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"நான்தான் அணைச்சேன். ஆள் இல்லாம ஓடுதேன்னு..."

"தெரியும் மாமா."

"தெரியுமா?"

"கரெண்ட் போனா சுவிட்ச் தானா அணையாதே. நான் இறங்கி வந்தப்ப அது அணைஞ்சிருந்துச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வீட்டுல வேற யாரு மாமா அணைப்பா?"

காலையிலிருந்தே தெரிந்தும் டாக்டர் முன்னால்கூட அவள் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஃபோர்மேன் தேறியிருப்பார். இது அவரைச் சுத்தமாக உட்கார வைத்துவிட்டது.

அவர் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். மகன் நம்பரைத் தேடி அழுத்தினார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் நின்றது. போடா என்று சொன்ன வாய், எடுடா எடுடா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வேலை நேரத்தில் எடுக்க மாட்டான், எடுத்தாலும் என்னவென்று ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே முன்னறைக்குத் திரும்பியபோது, கையிலிருந்த போன் அலறியது.

"அப்பா? என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாவது..."

பதறிப்போன குரல்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லடா. கம்ப்யூட்டருக்குத்தான்."

"என்னது?"

"அப்கிரேட் ஓடிக்கிட்டிருந்தப்ப நான் சுவிட்சை அணைச்சிட்டேன். இப்ப அது சாவி நம்பர் கேக்குது. உன் கணக்குல இருக்காம். ஆறாறா எட்டுக் கட்டம்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"அவ கேக்கச் சொன்னாளா?"

"அவ கேக்கக் கூடாதுன்னுதான் சொன்னா. நானாக் கேக்கறேன்."

மருமகள் தரையிலிருந்து எழுந்து நின்றாள். போனைப் பிடுங்கப் போகிறாள் என்றுதான் ஃபோர்மேன் நினைத்தார். அவளோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பேசாமல் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"இருங்க, தேடிப் பாக்கறேன்" என்றான் மகன். அவன் தட்டுகிற சத்தம் கேட்டது. "கிடைச்சுடுச்சு. எழுதிக்கறீங்களா?"

"எழுத வேண்டாம். நீ சொல்லு, இவ அடிப்பா."

இங்கே ஃபோர்மேனுடைய ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மில்லில் மின்சார அறையிலிருந்து போன் வந்தால், கேட்ட வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நாலாம் லைன் ஆஃப் என்று அங்கிருப்பவன் சொன்னால், நாலாம் லைன் ஆஃப் என்று இவர் சொல்ல வேண்டும். ஒரு சொல் மாறினால் கம்பத்தில் இருக்கிறவன் உயிர் போய்விடும். முப்பது வருடம் அப்படிப் பேசியே, முக்கியமான விஷயம் என்றால் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டதைக் கேட்டபடி ஒப்பிப்பது அவருக்கு மூச்சு விடுவது போல ஆகிவிட்டது. ஸ்பீக்கரில் போடவும் அவருக்குத் தெரியாது.

"நாலு, ஒண்ணு, ஏழு" என்றான் மகன்.

"நாலு, ஒண்ணு, ஏழு" என்றார் ஃபோர்மேன். விசைகள் தட்டப்பட்டன.

முதல் கட்டம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதின் நடுவில், "சரியா அடிக்கறாளான்னு பாருங்க" என்றான்.

"சரியா அடிக்கறாளான்னு பாருங்க" என்றார் இவர், கண்ணை மூடியபடி.

"அடிக்கறேன்னு சொல்லுங்க மாமா."

"அடிக்கறாளாம்."

"இன்னைக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

"இன்னைக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

"நாலு மணிக்கு கம்பெனியில பாக்கறாங்கன்னு சொல்லுங்க."

சொன்னார். மகன் கேட்டான்: "அந்த சக்கர நாற்காலி சமையலறையா?"

"அந்த சக்கர நாற்காலி சமையலறையா?"

அவளுடைய விரல் விசைப்பலகையில் தயங்கியது. ஞாபகம் வைத்திருக்கிறான்! தரையெல்லாம் சாக்பீஸ் என்று சத்தம் போட்டவன். "ஆமான்னு சொல்லுங்க" என்றாள். அந்தக் குரல் கொஞ்சம் இளகியிருந்தது ஃபோர்மேனுக்கே தெரிந்தது. எல்லாம் நல்லபடியாக முடியப் போகிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. கண்ணை இன்னும் இறுக மூடிக்கொண்டார். ஒரு எண்ணும் தப்பக் கூடாது.

ஐந்தாவது கட்டம். ஆறாவது. ஏழாவது.

"ரெண்டு, ஒன்பது, ஒன்பது."

"ரெண்டு, ஒன்பது, ஒன்பது."

"அப்பா, அவகிட்ட இப்ப சொல்லாதீங்க."

"அப்பா, அவகிட்ட இப்ப சொல்லாதீங்க."

"நான் இங்கேயே நிரந்தரமா இருந்துடறேன்னு கையெழுத்து போட்டுட்டேன்."

"நான் இங்கேயே நிரந்தரமா இருந்துடறேன்னு கையெழுத்து போட்டுட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தார்.

விசைகளின் சத்தம் நின்றிருந்தது. மருமகள் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு கட்டங்கள் நிரம்பி, எட்டாவது காலியாக இருந்தது.

"அப்பா? ஐயோ... அப்பா, சத்தமாவா சொன்னீங்க?"

ஃபோர்மேன் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும், மகனைத் திட்டவாவது வேண்டும்.

அவள் கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார்.

"கடைசிக் கட்டம் சொல்லுங்க" என்றாள் கணவனிடம்.

அந்தப் பக்கம் என்ன சொன்னானோ தெரியவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அதெல்லாம் அப்புறம். நம்பரைச் சொல்லுங்க."

அவன் சொல்ல ஆரம்பித்திருக்க வேண்டும். அவள் ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாக அடித்தாள். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழுந்தது. அவன் திக்கினானா, இவள்தான் தயங்கினாளா, நின்று பார்த்த ஃபோர்மேனுக்குப் புரியவில்லை. ஆறாவது எண்ணை அடித்து என்டரைத் தட்டினாள்.

புள்ளிகள் சுற்றின. திரை இருண்டது. மறுபடி சுற்றின, நெடுநேரம் சுற்றின. பிறகு பழைய திரை வந்தது. அவள் கோப்பைத் திறந்தாள். தொட்டி, அடுப்பு, இறங்கி வரும் தட்டு, எல்லாம் ஒரு கோடு குறையாமல் இருந்தன.

"வந்துடுச்சு" என்றாள் போனில்.

அவன் ஏதோ சொன்னான். அவள் கோப்பைக் கடைசிவரை உருட்டிப் பார்த்தாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அதற்குள் திரையின் மூலையில் கம்பெனியின் அழைப்பு ஒலிக்க ஆரம்பித்தது. அவள் போனை அணைக்காமல் அப்படியே மேஜைமேல் வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, அழைப்பை ஏற்றாள்.

"வணக்கம் மேடம். ரெடியா இருக்கேன். முதல்ல கதவுல இருந்து ஆரம்பிக்கலாமா? நாற்காலி உள்ள திரும்பறதுக்கு இவ்வளவு இடம் விட்டிருக்கேன்..."

குரலில் நடுக்கமே இல்லை. அப்படி ஒரு குரலை ஃபோர்மேன் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. அவள் மகனும் கேட்டிருக்க மாட்டான் என்று... இல்லை, தன் மகனும் கேட்டிருக்க மாட்டான் என்று குழம்பிப்போய் நினைத்துக்கொண்டார். யார் யாருக்கு என்ன உறவு என்பதே அந்த நேரத்தில் அவருக்குத் தடுமாறியது.

மேஜைமேல் கிடந்த போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் அவன் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறானா, போனை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டானா? குனிந்து கேட்டுப் பார்க்க ஃபோர்மேனுக்குத் தைரியம் வரவில்லை.